மண் தின்னாத துணி

மகனுக்கு வாப்பா எழுதுவது. ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும். அதற்கு மேல் உன் சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை. உன் கடிதமும் நூல்கட்டையும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தன. ஜும்ஆவுக்குப் போய் வந்து கடிதத்தை வாசித்தேன். முதல் தரம் விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியது. மூன்றாம் தரம் அடுப்பில் போடத்தான் எடுத்தேன். பதில் எழுத அது பக்கத்தில் வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன். எனக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது, எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். படித்தவன் நீ, கூட்டி வாசித்துக்கொள்.

ஐந்து தாள் எழுதியிருக்கிறாய். உம்மா மவுத்தாகி அடக்கிய பிறகு நீ எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் சேர்த்தாலும் ஐந்து தாள் வராது. அந்த ஐந்தில் ஒரு தாள் முழுக்கப் படம். அறுகோணம் அறுகோணமாக வரைந்து, ஒன்றுக்கொன்று கோடு இழுத்து, மூலைக்கு மூலை இங்கிலீஷ் எழுத்துப் போட்டு, இது பருத்தி, இது பட்டு, இது உங்கள் கஞ்சி, இது நைலோன் என்று பெயரும் எழுதி அனுப்பியிருக்கிறாய். நாற்பது வருஷம் தறியில் இருந்தவனுக்குப் பருத்தி எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுகிறாய். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி, பிறகு அதில் மருந்து ஊற்றப் பழகி, இப்போது எனக்கே வாத்தியாராகிவிட்டாய். நல்லது. இந்த நைலோன் நூலைத் தறியில் ஏற்றி ஒரு முழமாவது நெய்து அனுப்புங்கள் வாப்பா, எங்கள் கம்பனிக்காரர் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். அந்த நூல்கட்டையை நான் தொடவில்லை. வந்த பொட்டலத்துக்குள்ளேயே கிடக்கிறது.

உன் பாடத்தை நான் படிக்காமல் விடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். நூல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகள் என்கிறாய். பருத்திச் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் ஒரு வகைச் சீனி. நாம் தறியில் பாவு நூல் விறைக்கப் போடுகிற அரிசிக் கஞ்சியும் அதே சீனிக் கண்ணிதான், கோத்த விதம்தான் வேறு. கஞ்சியில் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருப்பதால் சங்கிலி சுருண்டு தளர்ந்து கிடக்கும். பருத்தியில் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் கோத்திருப்பதால் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கஞ்சியை மனிசனும் தின்கிறான், கரப்பானும் தின்கிறது, பூஞ்சணமும் ஒரு மழைக்குள் தின்றுவிடுகிறது. பருத்தியை மண்ணில் உள்ள கிருமிகள் மட்டும் மெல்ல மெல்லத் தின்கின்றன. இதுவரை சரி. மாரி காலத்தில் கஞ்சி போட்ட பாவு நூலை வெயில் காணாமல் வைத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குப் படமில்லாமலே தெரியும். பட்டு வேறு சாதி என்கிறாய்: முட்டை, இறைச்சி, நம் தலைமயிர் எல்லாம் சேர்ந்த குடும்பம். சீனிக்குப் பதிலாக அதில் வேறு கண்ணிகள், கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஒரு மூட்டு. அந்த மூட்டை வெட்டத் தெரிந்த கிருமிகளும் மண்ணில் உண்டு. வெள்ளைக்காரன் அந்த மூட்டையே பார்த்துப் பிரதி எடுத்து, மூட்டுக்கு மூட்டு நடுவில் நிலக்கரியிலிருந்து இறக்கிய நீளத் துண்டுகளைச் செருகி நைலோன் செய்தான் என்கிறாய். மூட்டு பட்டின் மூட்டு, ஆனால் நடுவில் இருப்பதை மண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை, ஆகவே வாய் வைப்பதில்லை. இவ்வளவும் எனக்கு விளங்கியது. விளங்கியதனால்தான் இந்தக் கோபம்.

நாலாம் தாளில் நீ எழுதியதை உனக்கே திரும்ப எழுதுகிறேன், ஒருமுறை என் கண்ணால் வாசித்துப் பார். பருத்தி, பட்டு, செயற்கைப் பட்டு, நைலோனில் நெய்த பரசூட் துணி என நாலு துண்டு வெட்டி ஈர மணலில் புதைத்தாயாம். மாதா மாதம் தோண்டிப் பார்த்தாயாம். செயற்கைப் பட்டு முதலில் போனது, அது பெயருக்குத்தான் பட்டு, உள்ளே மரக்கூழிலிருந்து எடுத்த பருத்திச் சங்கிலிதானாம். இரண்டாம் மாதம் பருத்தி விரல் பட்டாலே உதிர்ந்ததாம். பட்டு பிந்திப் போனதாம். பரசூட் துணி மட்டும், உன் எழுத்திலேயே எழுதுகிறேன், “இரண்டு வருஷமாகியும் வைத்தது வைத்தபடி இருக்கிறது வாப்பா, மணலைத் தட்டிவிட்டால் புதுத் துணி.” இதை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அந்தப் பரசூட் துணியின் மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? உன் உம்மா எதைச் சுற்றிக்கொண்டு நம் மையவாடியில் படுத்திருக்கிறாள்? அன்றைக்கு நான் அதைப் பட்டு என்றேன். நீ பக்கத்தில் நின்றாய். யுத்த காலத்தில் ஆகாயப் படையின் சாமான் அறையில் கிளாக்கராக இருந்தவன் நீ, மூட்டையில் ஒட்டியிருந்த தாளை வாசித்தவன் நீ, அது பட்டில்லை என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். வாயைத் திறந்தாயா?

அந்த நாளை உனக்கு நான் ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் நீ பாதி நேரம் வாசலில்தான் நின்றாய். மாரி மழை விடாமல் பெய்து வயல் வட்டையெல்லாம் வெள்ளம், ஆற்றுப் பக்கத்து வீட்டு வளவுகளில் முழங்கால் தண்ணீர். உம்மா காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து, விடியச் சுபஹு தொழுகைக்குப் பிறகு போய்விட்டாள். நீ முந்தின நாள்தான் லீவில் வந்திருந்தாய். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். எல்லா வீட்டிலும் போல நம் வீட்டிலும் மவுத்தானால் சுற்றுகிற கபன் துணி முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தோம். அது கடையில் வாங்கியதில்லை. நானே நெய்தது, எனக்கும் அவளுக்கும் சேர்த்து, யுத்தத்துக்கு முன்பு இந்தியாவிலிருந்து நல்ல நூல் வந்த காலத்தில். தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. உம்மாவின் தங்கை, உன் சாச்சி, பெட்டியைத் திறந்தாள். மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளி, மடிப்பின் ஓரமெல்லாம் கரப்பான் அரித்த ஓட்டை. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் தெரிந்தது.

ஏன் அப்படி ஆனது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று நானே சொல்கிறேன். தறியிலிருந்து இறக்கிய துணியைக் கஞ்சி போகக் கழுவித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். எந்த நெசவுகாரனும் அதை அறிவான். நான் கழுவவில்லை. அந்தத் துணியை நெய்து முடித்த நாள் அது மொடமொடவென்று நின்றது, வெயிலில் பிடித்தால் மினுங்கியது. கழுவினால் தொய்ந்துவிடும், பார்க்க வருகிறவர்களுக்கு என் கைவேலை தெரியாமல் போகும் என்று அப்படியே வைத்தேன். கபன் துணிக்கு யார் பார்வைக்கு அழகு வேண்டும் என்று உம்மா அப்போதே கேட்டாள். அவள் பேச்சை எந்தக் காரியத்தில் கேட்டேன், இதில் கேட்க? வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, வந்தவர்களுக்கு அந்தத் துணியைக் காட்டி, பாராட்டு வாங்கிக்கொண்டு மறுபடி மூடுவேன். யுத்தம் வந்த பிறகு தறிக்கு நூலில்லை, காட்ட ஆளும் வரவில்லை, பெட்டியைத் திறக்கவுமில்லை. கஞ்சி பூச்சியைக் கூப்பிட்டது. பூச்சி கஞ்சியோடு துணியையும் சேர்த்துத் தின்றது. உன் படத்தில் சுருண்டு கிடக்கிறதே ஒரு சங்கிலி, அதுதான் என் வீட்டில் செய்த வேலை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த நேரம் கடையில் வெள்ளைத் துணி கிடையாது, பங்கீட்டுக் கூப்பன் இருந்தாலும் கிடையாது. பக்கத்து வளவு உதுமாலெவ்வை செய்தி கேட்டு, மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். கக்கத்தில் ஒரு பொதி. அவருடைய தறியில் நெய்த வெள்ளைப் பருத்தி, கழுவிக் காயவைத்து மடித்தது, அவர் தனக்கென்று வைத்திருந்தது. “எடுங்க காக்கா, எனக்கு அல்லாஹ் வேற தருவான்” என்று, அண்ணன் முறை வைத்து நீட்டினார். அவருக்கும் எனக்கும் பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. பள்ளிவாசல் விருந்துக்குச் சால்வை நெய்கிற வேலையைப் பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மார் எனக்குத் தராமல் அவருக்குக் கொடுத்தார்கள் என்பதைத் தவிர வேறொரு காரணமும் இல்லை. அந்த மனிசன் பத்து வருஷக் கோபத்தைப் படியில் கழற்றி வைத்துவிட்டு வந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். “என்ட பொஞ்சாதிக்கு ஒங்கட தறித் துணி வேணாம்.” அவர் பொதியைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் நீ உன் பையைத் திறந்தாய். படைத் தளத்தில் கழித்துவிட்ட பரசூட் ஒன்றைக் கிழித்துப் பங்கிட்டபோது கிடைத்தது என்று சொல்லி, வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாய். அத்தனை வெள்ளையை நான் கண்டதே இல்லை. பள்ளியில் தொழுவிக்கிற லெப்பை வந்து நின்று இது என்ன துணி என்று கேட்டார். வீடு நிறையச் சனம். நான் ஒரு ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். “பட்டு” என்றேன். பெண்களுக்குப் பட்டு ஆகும், விரும்பத்தக்கதில்லை என்றாலும் ஆகும் என்று லெப்பை சொன்னார். உள்ளே கொடுத்தார்கள், பெண்கள் வெட்டினார்கள், கட்டினார்கள். துக்கத்தில் விரல் மரத்துப் போயிருந்தது, ஏமாந்துவிட்டேன். தறிக்காரன் கை ஏமாறலாம், கண்ணீர் நேரத்தில் அது குற்றமில்லை. உன் நாக்கு எதற்கு மரத்தது? ஒரு சொல், வாப்பா இது பட்டில்லை, அவ்வளவுதானே?

அதனால் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், இதை உன் பிள்ளைகளுக்கும் சொல். ஒரு பொருள் என்னவென்று தெரிந்துகொண்டு சும்மா இருப்பவன், தெரியாமல் பிழை சொல்பவனை விடக் கெட்டவன். படிப்பு உனக்கு வாய் திறக்கத் தரப்பட்டது. அதைக் கம்பனிக்கு விற்கிறாய், கடிதத்தில் அறுகோணம் போடுகிறாய், உன் உம்மாவுக்கு ஒரு சொல் செலவழிக்க உனக்கு மனமில்லை. நேற்று அஸருக்குப் பிறகு லெப்பையிடம் போய், யாருடைய வீட்டு விஷயமோ போல இதைக் கேட்டேன். அடக்கின கப்றைத் திறக்கக் கூடாது, அடக்கியது அடக்கியதுதான், அடக்கினவர்கள் மனதில் வைத்த நிய்யத்தை அல்லாஹ் அறிவான், துணியைப் பற்றி உயிரோடிருப்பவர்கள் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். நல்ல மனிசன். ஆனால் நான் நேரே மையவாடிக்குப் போய் நின்றேன். கடற்கரை மணல், உப்புக் காற்று, எல்லாம் சீக்கிரம் உக்குகிற இடம். எனக்கு முன்னே போனவர்கள் எல்லோரும் துணியோடு மண்ணாகிவிட்டார்கள். அவள் மட்டும் அந்தக் குளிர்ந்த வெள்ளையைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறாள். அவளை மண்ணிடம் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன், நடுவில் ஒரு வேலி போட்டிருக்கிறேன். இதை நான் யாரிடம் சொல்லி அழ? உன்னிடம் சொல்லி ஏசத்தான் முடியும்.

இந்த இடத்தில் கடிதம் இரண்டு நாள் நின்றது. மை முடிந்தது என்று ஒரு சாட்டு. உண்மை அதுவல்ல. உன் சாச்சியோடு சண்டை பிடிக்கப் போனேன். அன்று உள்ளே இருந்து குளிப்பாட்டிக் கட்டியவள் அவள்தானே, வெட்டும்போதாவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று எனக்கு ஒரு வெறி. அவள் பன் புல் பாய்க்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தை அவள் முன் ஆட்டி, நான் மேலே எழுதியதை எல்லாம் கத்தினேன். இருபத்தைந்து வருஷமாக என் முகத்துக்கு நேரே குரல் உயர்த்தாதவள், அன்றும் உயர்த்தவில்லை. அகப்பையைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சான்” என்றாள். “கத்திரிக்கோல் வச்சா பட்டு கரகரண்டு பேசும். இது வழுக்கிக்கிட்டுப் போச்சி. நாங்க அஞ்சி பொம்புள இருந்தம், அஞ்சி பேருக்கும் தெரியும்.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஆருக்கிட்டச் சொல்ற? கழுவி வைங்கண்டு ராத்தா சொன்னா, ஏசினீங்க. உதுமாலெவ்வை காக்கா துணி கொண்டந்தார், முகத்துல எறிஞ்ச மாதிரித் திருப்பி அனுப்பினீங்க. வீடு நிறைய ஆள வச்சிக்கிட்டு ஒங்கட வாயால பட்டு எண்டு சொல்லிட்டீங்க. அதுக்குப் பொறகு அது பட்டுத்தான். இல்லண்டு சொல்ல அந்த வீட்டுல ஆருக்குத் துணிவு இரிக்கி? ராத்தாவுக்கு இரிந்திச்சா? மகனுக்கு இரிந்திச்சா?” அகப்பையை மறுபடி எடுத்துச் சாயத்தைக் கிண்டினாள். பிறகு, “ஒங்களுக்கும் தெரியும் மச்சான். ஒங்கட கைக்குத் தெரியாத நூல் இல்ல” என்றாள்.

மகன், உனக்குச் சொல்கிறேன். அவள் சொன்னது சரி. துக்கத்தில் விரல் மரத்தது என்று மேலே எழுதினேன், அது பொய். பட்டைத் தேய்த்தால் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், விரலை இலேசாகப் பிடிக்கும். இது பிடிக்கவில்லை, சூட்டையும் வாங்கவில்லை, எண்ணெய் தடவிய கண்ணாடி போல நழுவியது. பருத்தியில்லை, பட்டில்லை, என் நாற்பது வருஷத்தில் என் கை காணாத ஒன்று என்று அந்த நொடியே தெரிந்தது. பெயர் மட்டும்தான் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சனத்தின் நடுவே, தறிக்காரன் வீட்டில் கபனுக்குத் துணியில்லை என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இது என்ன நூல் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். அதை என்னால் சொல்ல முடியவில்லை. பட்டு என்றேன். அவளுடைய கடைசி உடுப்பு என் மானத்துக்காக நான் சொன்ன ஒரு சொல்.

அதோடு சாச்சி விடவில்லை. கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த மட்டும் வாசித்தாள். நாலாம் தாளில் விரலை வைத்து, இந்த மணல் எந்த மணல் என்று எழுதியிருக்கிறானா என்று கேட்டாள். ஈர மணல் என்று மட்டும்தான் இருக்கிறது என்றேன். நீ கொழும்புக்குத் திரும்பின அன்று காலை, மையவாடி வேலியோரம் குந்தியிருந்து ஒரு பிஸ்கட் டின்னில் மணல் அள்ளினதை அவள் கண்டாளாம். என்னத்துக்கு மகன் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை சாச்சி, பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாயாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாயாம். வாப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றாயாம். அவளும் இரண்டு வருஷம் சொல்லவில்லை. என் வீட்டில் சொல்லாமல் இருக்க எல்லோரும் நன்றாகப் பழகியிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை நாலாவது தரம் வாசித்தேன். கம்பனிக்கு வேண்டிய பரீட்சை என்றால் பருத்தி இரண்டாம் மாதம் போனவுடன், பட்டும் போனவுடன் முடிந்திருக்கும். விடை கிடைத்துவிட்டதே, பிறகு எதற்குத் தோண்டுவது? நீ யுத்தம் நடக்கும்போதே புதைத்திருக்கிறாய். அப்போது உனக்குக் கம்பனியும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. மற்ற மூன்று துண்டும் போன பிறகு, ஒரு துண்டு மட்டும் கிடக்கிற டின்னை நீ மாதா மாதம் தோண்டியிருக்கிறாய். இந்த மாதமாவது ஒரு இழை தளர்ந்திருக்காதா, ஒரு ஓரம் கறுத்திருக்காதா என்று விரலால் மணலைத் தட்டிப் பார்த்திருக்கிறாய். வைத்தது வைத்தபடி என்று நீ எழுதியதை முதலில் பெருமை என்று வாசித்தேன், அது பெருமையில்லை. என்னிடம் நேரே சொல்லப் பயந்து, அறுகோணத்தையும் சங்கிலியையும் முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு நீ இரண்டு வருஷமாகச் சொல்ல முடியாததைச் சொல்லியிருக்கிறாய். அதற்கு ஒரு நூல்கட்டையும் ஒரு சாட்டும் உனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. பெற்ற வாப்பாவிடம் பேச.

மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. ஏசினது ஏசினதாகவே இருக்கட்டும், அந்த ஆளும் நான்தான், நீ அவனை அறிவாய். உன்மீது கோபம் போய்விட்டது என்றும் எழுதமாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. நான் ஏசுவேன் என்று பயந்தாலும் நீ சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிசனின் கோபத்துக்குப் பயந்து உண்மையை விழுங்கினால் அது அவனுக்கும் நல்லதில்லை, பார், நான் என்ன ஆனேன் என்று. மன்னித்தேன் என்று எழுதப் பேனா போகவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதவும் போகவில்லை. இரண்டு சொல்லும் நான் பழகாத சொல்.

இனி அந்த டின்னைத் தோண்டாதே. அது உக்காது மகன். நீ அறுகோணம் போட்டு எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்கிறேன்: அது உக்காது, நீ பார்த்துக்கொண்டே இருந்தாலும் உக்காது. ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு வரும்போது டின்னோடு வா. மணலை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவோம். அந்தத் துண்டை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று இப்போது சொல்லிவிட்டேன், கவனித்தாயா?

வந்தால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. எனக்குக் கபன் துணி இல்லை. பெட்டியில் இருந்ததை அன்றே எரித்துவிட்டேன், என் கை இனி ஒரு முழம் நெய்யாது. இந்த ஊரில் ஒரு தறித் துணியைத்தான் நான் கேட்க வேண்டும், அது உனக்கும் தெரியும். உன்னைக் கூட்டிக்கொண்டு உதுமாலெவ்வை வீட்டு வாசல் வரை நான் வருவேன். கேட்பதையும் நானே கேட்பேன், எப்படியாவது கேட்டுவிடுவேன். அவர் துணியைக் கொண்டுவந்து நீட்டுவார், அந்த மனிசனை எனக்குத் தெரியும். அப்போது நீ கையை நீட்டி வாங்கிக்கொள். என் கை நீளாமல் போகலாம்.